பிரானா என்று சொல்லி விற்கப்படும் மீன்

தொட்டி மீன் கடைக்கு வரும் சிறுவர்கள் முதலில் விலை கேட்பதில்லை. "காக்கா, கடிக்கிற மீன் இரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். கடைக்காரரும் சளைத்தவரில்லை. "இந்தா இரிக்கி, பிரானா. கைய விட்டுராத மகன்" என்று மூலைத் தொட்டியைக் காட்டுவார். விரல் நீளத்தில் நாலைந்து மீன்கள், வெள்ளி உடம்பு, தொண்டைக்குக் கீழே சிவப்பு. பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பான். வாப்பா சட்டைப் பைக்குள் கை விடுவார்.

அந்த மீன் அனேகமாகப் பிரானா அல்ல, பக்கு. தென் அமெரிக்காவின் அதே ஆறுகளில் வாழும், அதே குடும்பத்தைச் சேர்ந்த, பழமும் கொட்டையும் தின்னும் மீன். சின்ன வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பக்குக் குஞ்சு பிரானாக் குஞ்சைப் போல் தோன்றுவதே அதற்கு ஒரு பாதுகாப்பு என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆற்றில் எதிரியை ஏமாற்றும் வேடம் கடையில் வாப்பாவை ஏமாற்றுகிறது.

இந்த அத்தியாயம் மூன்று பேருக்காக எழுதப்படுகிறது: வாங்க நினைப்பவர், வாங்கிவிட்டவர், தன் வலையில் அப்படியொன்று ஏறியதைக் கண்டு திகைத்து நிற்கும் மீனவர்.

சட்டம் என்ன சொல்கிறது

பிரானா இலங்கைக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட மீன். 1996-ம் ஆண்டின் 2-ம் இலக்க கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ்தான் உயிர்மீன் இறக்குமதி கட்டுப்படுத்தப்படுகிறது. ஆகவே கடையில் உள்ளது உண்மையான பிரானா என்றால் அது கள்ளமாக வந்தது. உண்மையான பிரானா இல்லையென்றால் நீங்கள் ஏமாற்றப்படுகிறீர்கள். இரண்டில் எதுவானாலும் காசை எடுக்கக் காரணம் இல்லை.

பங்களாதேசில் கதை மறுபக்கமாகப் போனது. அங்கே பிரானாவைப் பண்ணைக் குளங்களில் வளர்த்து, கடல் வாவல் மீன் என்று சொல்லிச் சந்தையில் விற்றார்கள். 2008-ல் அரசு தடை போட்டது. அதற்குப் பிறகும் அதிகாரிகள் சந்தைகளில் பெட்டி பெட்டியாகப் பிடித்து அழிக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் இன்று பண்ணைகளில் வளர்த்து 'ரூப்சந்த்' என்ற பெயரில் விற்கப்படுவது பக்கு. அது உணவு மீன். ஆனால் அதுவும் இந்த மண்ணுக்குரியதல்ல.

பல்லைப் பார்

நிறத்தை நம்பாதீர்கள். வயிற்றுச் சிவப்பு இரண்டுக்கும் உண்டு, உடம்புப் புள்ளிகளும் குஞ்சுப் பருவத்தில் இரண்டுக்கும் உண்டு. வயிற்றின் அடி விளிம்பில் விரலை ஓட்டினால் வாளின் பல்லைப் போல் சொரசொரக்கும். அதுவும் இரண்டுக்கும் பொது. ஏமாற்றாத அடையாளம் வாய் மட்டுமே.

பிரானாவின் முகம் மழுங்கியது. கீழ்த்தாடை மேல்தாடைக்கு முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும். உதட்டை ஒரு குச்சியால் கீழே இழுத்தால், ஒவ்வொரு தாடையிலும் ஒரே வரிசையாக முக்கோணப் பற்கள் தெரியும். விளிம்பு சவர அலகுபோல் கூர். மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடைவெளியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். பக்குவின் வாயைத் திறந்தால் வேறு காட்சி. சதுரமான, அகலமான, நம் கடைவாய்ப் பல்லைப் போன்ற பற்கள், மேல்தாடையில் இரண்டு வரிசை. கொட்டையை உடைப்பதற்கான வாய் அது. முதன்முறை பார்ப்பவருக்கு மனிதப் பல்லைப் பார்த்ததுபோல் ஒரு கூச்சம் வரும்.

பார்ப்பதற்கு விரல் வேண்டாம். மீன் செத்ததுபோல் கிடந்தாலும் வேண்டாம். தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட பிரானா கடைசி மூச்சுவரை தாடையை அடித்துக்கொண்டிருக்கும். அமேசன் மீனவர்களின் விரல்களில் இருக்கும் தழும்புகளில் பல தோணிக்குள் விழுந்தவை, தண்ணீருக்குள் அல்ல.

குஞ்சு விரல் நீளம்கூட இல்லாமல் பல் தெரியாவிட்டால் இன்னொரு அடையாளம் உதவும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, முதுகின் மேல், முள்ளே இல்லாத ஒரு சின்னச் சதைத் துண்டு நிற்கிறதா என்று பாருங்கள். கெளிற்று மீன்களுக்கு அது உண்டு, ஆனால் அவற்றுக்குச் செதில் இல்லை. நமது குளங்களின் செதிலுள்ள மீன் எதற்கும் இந்தச் சதைத் துடுப்பு கிடையாது. தட்டையான உடம்பு, செதில், சதைத் துடுப்பு மூன்றும் ஒரே மீனில் சேர்ந்திருந்தால், அது பிரானாவோ பக்குவோ, வெளியிலிருந்து வந்தது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். இந்த ஒரு பந்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

அதன் சொந்த ஆறு

சிவப்பு வயிற்றுப் பிரானாவின் அறிவியல் பெயர் பைகோசென்ட்ரஸ் நட்டெரேரி. 1817 முதல் 1835 வரை பிரேசில் காடுகளில் அலைந்து உயிரினங்களைச் சேகரித்த யோகான் நட்டெரர் என்ற ஆஸ்திரியரின் பெயரை, 1858-ல் ருடோல்ப் க்னேர் இதற்கு வைத்தார். அமேசன், பராகுவே, பரானா, எசெகிபோ ஆறுகளின் தாழ்நிலங்களே இதன் வீடு. வேகமான நீரோட்டத்தில் அல்ல, வெள்ளம் பரவி நிற்கும் காடுகளிலும், ஆற்றை ஒட்டிய மடுக்களிலும், கலங்கல் தண்ணீரிலும்தான் அதிகம். வளர்ந்த மீன் பெரும்பாலும் ஒரு சாண் அளவு, அதற்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். படத்தில் காட்டும் அரக்கனைத் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான்.

அது கூட்டமாகச் சுற்றுவதை வேட்டைக் கூட்டம் என்றே உலகம் நம்பியது. பிரேசிலின் மமிராவா காப்புநிலத்தில் ஹெல்டர் கெய்ரோசும் ஆன் மகுரனும் செய்த ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. இரண்டு மீனாக விட்டபோது அவை பதறி, செவுளை வேகமாக அடித்து மூச்சு வாங்கின. எட்டு மீனாக விட்டபோது மூச்சு தணிந்தது. சேர்ந்து வேட்டையாட அல்ல, பயத்தினால்தான் அவை கூடுகின்றன. பயப்படக் காரணமும் நிறைய. முதலை இனத்து கெய்மன், பெரிய நீர்நாய், ஆற்று டொல்பின், நீர்க்காகம், ஆளுயரம் வளரும் பிராருக்கு மீன் எல்லாமே பிரானாவைத் தின்னும். கூட்டத்தின் நடுவில் பெரியவையும் முட்டையிடும் வயதுக்கு வந்தவையும் இருக்கும், இளசுகள் ஓரத்தில்.

சாப்பாடும் கதைகளில் வருவதுபோல் இல்லை. மற்ற மீன்களின் துடுப்பு நுனி, செதில், சிறு மீன், பூச்சி, இறால், செத்த உடல், தண்ணீரில் விழும் பழம், விதை எல்லாம் சேர்த்துத்தான் வயிற்றை நிரப்புகிறது. விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பு, நண்பகலில் நிழலில் ஒதுங்கல். குஞ்சுகள் பெரிய மீனின் பின்னால் பதுங்கி வந்து வால் துடுப்பில் ஒரு வாய் கடித்துவிட்டு ஓடும். கடிபட்ட துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும். கொல்லாமல் தின்னும் வித்தை அது.

மழைக்காலம் தொடங்கி நீர்மட்டம் ஏறும்போது இனப்பெருக்கம். அப்போது வயிற்றுச் சிவப்பு மங்கி உடம்பே கறுக்கும். மூழ்கிய புல்லுக்கும் செடிக்கும் நடுவே சின்னக் குழி செய்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, தாயும் தகப்பனும் காவல் நிற்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் மிதக்கும் செடிகளின் வேர்க் கற்றைகளுக்குள் புகுந்து வளரும். அவற்றில் முக்கியமானது ஆற்றுவாழை. நமது ஆற்றிலும் குளத்திலும் மிதக்கிற அதே ஆற்றுவாழைக்கும் பிறந்த ஊர் அமேசன்தான். அதன் கதையைப் பிறகு பார்ப்போம்.

பல் விழும் முறையும் வியப்பானது. ஒரு தாடையின் ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாம் ஒன்றாக விழுந்து ஒன்றாகவே மாறும். பற்கள் பக்கத்துப் பல்லுடன் கொளுவி நிற்பதே இதற்குக் காரணம் என்று 2019-ல் வொஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவொன்று ஊடுகதிர்ப் படங்கள் எடுத்துக் காட்டியது. தனியே ஒரு பல் விழுந்தால் வரிசையின் கூர் கெட்டுவிடும். அதனால் ஒரு பக்கம் முழுவதும் புதிதாகும் வரை மறுபக்கத்தால் கடிக்கிறது.

மட்டக்களப்பார் என்ற முறையில் நமக்கு இன்னொரு செய்தி இனிக்கும். பிரானாவும் ஓசை எழுப்பும் மீன். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தார் 2011-ல் மூன்று வகை ஓசையைப் பிரித்துச் சொன்னார்கள். ஒன்றை ஒன்று முறைத்து நிற்கும்போது குரைப்பதுபோல் ஒன்று, சாப்பாட்டுக்குச் சண்டையிடும்போது பறை அடிப்பதுபோல் இன்னொன்று. இரண்டும் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையால் வருவன. துரத்தும்போது வருவது பல்லைக் கடிக்கும் ஓசை. கையில் பிடித்தாலும் குரைக்கும். கல்லடிப் பாலத்தடியில் பாடுவது மீனா சிப்பியா என்று நாம் தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறோம். அமேசனில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

கடி எவ்வளவு உண்மை

தாடைக்கு வலிமை இல்லையென்று சொல்லவில்லை. இதன் உறவான கறுப்புப் பிரானாவின் கடியை ஆற்றிலேயே அளந்தபோது அதன் உடல் எடையின் முப்பது மடங்கு அழுத்தம் பதிவானது. ஆனால் மாட்டை எலும்பாக்கும் கதை பெரும்பாலும் தியடோர் ரூஸ்வெல்டின் புண்ணியம். அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் பின் 1913-14-ல் பிரேசில் காட்டுக்குப் போய் வந்தவர், 1914-ல் வெளியிட்ட பயண நூலில் உலகின் மிகக் கொடூரமான மீன் இதுதான் என்ற எண்ணத்தை விதைத்தார். 1978-ல் வந்த சினிமா மிச்சத்தைச் செய்தது.

மனிதரைக் கடித்ததாக நிறுவப்பட்ட சம்பவங்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சாவோ பாவுலோ மாநிலத்தில் அணைகட்டித் தேக்கிய ஆறுகளில் குளிக்கப் போனவர்களை ஆராய்ந்தபோது, ஆளுக்கு ஒரே ஒரு கடி, அதுவும் பெரும்பாலும் காலில். தேங்கிய நீரில் செடி பெருகி, செடியில் முட்டையிட்டு, முட்டைக்குக் காவல் நின்ற மீன் மிதிக்க வந்த காலைக் கடித்திருக்கிறது. அவ்வளவுதான். 2013 டிசம்பர் 25-ல் ஆர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், கடும் வெயிலுக்குப் பரானா ஆற்றில் இறங்கியவர்களில் எழுபது பேரளவில் கடிபட்டார்கள். ஒரு சிறுமிக்கு விரலின் ஒரு பகுதி போனது. கடித்தது பிரானா இனத்தின் வேறொரு வகை. அங்கேயும் யாரும் சாகவில்லை. நமது ஆற்றில் இறங்குபவர் முதலையைப் பற்றிக் கவலைப்படுவது இதைவிட நியாயம்.

தொட்டியைக் கழுவும்போதோ வலையிலிருந்து கழற்றும்போதோ எந்த மீனிடம் கடிபட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். கடைசியாக ஏற்பூசி போட்டது நினைவில்லையென்றால் ஏறாவூர் ஆதார வைத்தியசாலைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர்கள் ஆற்றுத் தண்ணீரில் பட்ட சின்னக் காயத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. உவர் நீரில் வாழும் சில கிருமிகள் ஒரே நாளில் காலை வீங்கவைத்து இரத்தத்துக்குள் இறங்கிவிடும். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நமது தண்ணீரில் பிழைக்குமா

பிரானாவை விட்டால் நமது ஆறு நாசமாகிவிடும் என்று சொல்வதும் தவறு, நமது ஆற்றில் அது ஒரு நாளும் உயிரோடிருக்காது என்று சொல்வதும் தவறு. தீர்மானிப்பது உப்பு.

நாம் ஆறு என்று சொல்லும் மட்டக்களப்பு வாவி தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலிருந்து வடக்கே செங்கலடிவரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கோடையில் கடல் உள்ளே வரும், வெயில் வற்றவைக்கும், உப்பு ஏறும். பிரானா சுத்த நன்னீர் மீன். உப்பேறிய ஆற்றில் அது நிலைத்துக் குடும்பம் நடத்த முடியாது. மாரி தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. முந்தானை ஆறும் சந்தனமடு ஆறும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தில் ஏறாவூர்ப் பக்கத்து ஆற்றுநீர் வாயில் வைத்தால் உப்புத் தெரியாத அளவுக்கு மாறிவிடும். அந்தச் சில மாதங்கள் எந்த நன்னீர் மீனுக்கும் வழி திறந்திருக்கும்.

ஆனால் உண்மையான ஆபத்து ஆற்றில் அல்ல, மேற்கே உள்ள குளங்களில். உறுகாமமும் உன்னிச்சையும் வருடம் முழுவதும் நன்னீர். தண்ணீரின் சூடு அமேசன் தாழ்நிலத்தின் சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். மாரியில் நீர்மட்டம் ஏறும், புல் மூழ்கும், ஓரத்தில் ஆற்றுவாழை மிதக்கும். முட்டையிட அந்த மீன் கேட்பது இதைத்தான். குளத்திலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல், வயலிலிருந்து அடுத்த குளம். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, எந்தக் குளத்தின் மீன் எந்த ஊரின் முற்றத்தில் துள்ளியது என்று சொல்லத் தேவையில்லை. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஆறுகளில் மீனவர்களின் வலையில் பக்குவும் அமேசனின் பெரிய அரபைமாவும் ஏறின. பண்ணையிலும் வீட்டுக் குளத்திலும் இருந்தவை வெள்ளத்தோடு வெளியேறியிருந்தன. யாரும் வேண்டுமென்று கொண்டுபோய் விடவில்லை.

ஆகவே "நான் ஆற்றில் விடவில்லை, கிணற்றில்தான் விட்டேன்" என்பதும் தப்பிக்கும் வழி ஆகாது. நமது மணல் பூமியில் மாரிக் கிணறு வாய்வரை நிரம்பி வழியும்.

ஆற்றுவாழையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1905 அளவில் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவந்த செடி அது. ஊதாப் பூவைப் பார்த்து மயங்கியவர்களால் வந்தது. 1909-ல் அதை ஒழிக்கவே தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டிவந்தது. இன்றும் பிரதேச சபைகள் இயந்திரம் போட்டு அள்ளிக்கொண்டிருக்கின்றன. தொட்டி மீன்களின் வரலாறும் அதே பாதையில்தான். மேல் மாகாணத்து நீர்நிலைகளில் பெருகிய கத்தி மீன், மகாவலித் தேக்கங்களில் வலையைக் கிழிக்கும் டேங்க் கிளீனர், அண்மையில் தெதுரு ஓயா தேக்கத்தில் மீனவர்களை மலைக்கவைத்த பெரிய வெளிநாட்டு விரால் எல்லாம் கண்ணாடித் தொட்டியோடு தொடர்புள்ளவை என்றே கருதப்படுகின்றன. டேங்க் கிளீனரைக் குஞ்சாக ஆசையாய் வாங்கியவர், அது முழங்கை நீளம் வளர்ந்து தொட்டியை மறைத்ததும் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு பாலத்தடிக்குப் போகிறார். பாவம் பார்த்துச் செய்யும் வேலைதான். அந்தப் பாவத்தைக் குளத்து மீன்கள் சுமக்கின்றன.

திலாப்பியாவும் வெளியார்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1952-ல் கொண்டுவரப்பட்டது, இன்று நமது குளத்து மீனவரின் சோறு அதில்தான். ஆனால் அது அரசின் முடிவோடு, உணவுக்காக, கேள்வி கேட்டு விடப்பட்டது. குஞ்சு விடுவதை இன்றும் நக்டா என்ற அதிகார சபை பொறுப்பெடுத்துச் செய்கிறது. பாலத்தில் நின்று பையைக் கவிழ்ப்பவர் யாரையும் கேட்பதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா

வாயைப் பார்த்தாயிற்று, பக்கு என்று தெரிந்துவிட்டது. இனி அளவைப் பற்றி யோசியுங்கள். பக்கு தன் ஆற்றில் ஒரு மீற்றருக்குக் கிட்ட வளர்ந்து இருபது கிலோவைத் தாண்டும் மீன். தொட்டியில் அவ்வளவு வராது, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் கை நீளத்தை எட்டிவிடும். வீட்டுக் கூடத்து மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. வெள்ளத்துக்கு எட்டாத, சுற்றி வலை அடித்த சீமெந்துத் தொட்டி இருப்பவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளரித் துண்டு, வாழைப்பழம், அவித்த பயறு, கீரை எல்லாம் தின்னும். இறைச்சி கொடுத்துக் கொடூரமாக்கலாம் என்று நினைப்பது வீண்.

வைக்க இடமில்லையா? முதலில் விற்ற கடையையே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு வளர்ப்பவரைத் தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் மீனை வதையாமல் கொல்வதே சரி. ஆற்றில் விடுவதைவிட இது கருணை. மருந்துக்கடையில் கராம்பு எண்ணெய் வாங்கி, ஒரு லீற்றர் தண்ணீருக்குப் பத்துத் துளி கணக்கில், சின்னப் போத்தலில் இளஞ்சூடான தண்ணீரோடு பால்போல் வெளுக்கும்வரை குலுக்கி, மீன் இருக்கும் வாளியில் ஊற்றுங்கள். முதலில் சாயும், பிறகு செவுள் நிற்கும். செவுள் நின்ற பிறகும் பத்து நிமிடம் விட்டு வையுங்கள். பிறகு மண்ணில் ஆழமாகப் புதைக்கவும். கானுக்குள் வீசவும் வேண்டாம், தொட்டித் தண்ணீரைக் கானில் ஊற்றவும் வேண்டாம், மரத்தடியில் ஊற்றுங்கள்.

வாய் முக்கோணப் பல்லைக் காட்டினால் இந்த வழிகள் எதுவும் உங்களுக்கல்ல. தொட்டியைப் பூட்டுப் போட்ட மூடியால் மூடிவிட்டு, மாவட்டக் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கடையை மிரட்டப் போக வேண்டாம்.

கடிக்கிற மீன்தான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் நமது ஆற்றிலேயே ஒன்று இருக்கிறது. வலையில் தவறாமல் ஏறி மீனவரிடம் திட்டு வாங்கும் சின்னப் பேத்தை. அதன் பல் கிளியின் அலகு போன்றது, சிப்பியையும் நத்தையையும் நொறுக்கும். கண்ணை உருட்டி ஆளைப் பார்க்கும், வயிறு ஊதும், ஒழுங்காகச் சாப்பாடு போட்டால் கண்ணாடிக்குக் கிட்ட ஓடிவரும். பிரானாவோ தொட்டியில் காலடிச் சத்தம் கேட்டாலே மூலையில் ஒடுங்கி நிற்கும் கோழை, பார்ப்பவருக்குச் சலிப்பு. பேத்தைக்கு உவர் நீர் வேண்டும், தனித்தொட்டி வேண்டும், அடிக்கடி நத்தை வேண்டும். உடம்பில் நஞ்சு உண்டு, ஆகவே செத்தால் பூனைக்குப் போடக்கூடாது. அலுத்துவிட்டால் இதையும் ஆற்றில் திருப்பி விடக்கூடாது; தொட்டியில் பிடித்த நோய் ஆற்றுக்குப் போகும்.

வலையில் ஏறினால்

தோணியில் இருக்கும்போது முன்பின் காணாத தட்டை மீன் வலைக்கண்ணில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையால் கழற்ற வேண்டாம். வலையோடு சேர்த்து வாளியில் போட்டு, வால் பக்கத்திலிருந்து துணியால் பிடித்து, தேவையென்றால் வலைக்கண்ணை வெட்டுங்கள். ஒரு கண் போனால் பின்னலாம்.

ஆற்றுக்குள் திருப்பி எறியக்கூடாது. மூன்று படம் எடுங்கள்: பக்கவாட்டில் முழு உடம்பு, உதட்டை விலக்கிய வாய், முதுகின் சதைத் துடுப்பு. பக்கத்தில் ஓர் அடிமட்டமோ பேனையோ கிடந்தால் அளவு தெரியும். எங்கே, எந்த நேரம், என்ன வலை, தண்ணீர் உப்பா நன்னீரா என்று எழுதி வையுங்கள். படம் மட்டும் போதாது, மீனும் வேண்டும். ஐஸ் பெட்டியில் போட்டு வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஆகுமென்றால் உறையவிடுங்கள். குடலை எடுக்க வேண்டாம், அது எதைத் தின்றது என்பதையும் ஆராய்பவர்கள் பார்ப்பார்கள். கடற்றொழில் பரிசோதகரிடம் கொடுக்கலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்குள்ள விலங்கியல் துறையிலும் காட்டலாம்.

முகநூலில் முதலில் போட்டுவிடாதீர்கள். சீனாவின் லியூசோ நகரில் 2012-ல் ஆற்றில் ஒருவர் கடிபட்டதும், பிரானா ஒன்றுக்கு 1000 யுவான் பரிசு என்று நகரசபை அறிவித்தது. இறைச்சித் துண்டோடு ஊரே ஆற்றங்கரைக்குத் திரண்டது. கரையில் கூட்டம் கூடினால் அந்த இடத்தில் மீண்டும் வலை போட்டுத் தேடுவது யாராலும் முடியாது. அமெரிக்காவின் மயாமியில், ஒரு சுற்றுலாத்தலத்துச் சின்னக் குளத்தில் பெருகியிருந்த பிரானாக்களை 1977-ல் நஞ்சிட்டு முற்றாக ஒழிக்க முடிந்தது. குளம் சின்னது, இடம் தெரிந்தது. உன்னிச்சைக் குளத்தில் அப்படிச் செய்ய முடியாது.

ஒற்றை மீன் அகப்பட்டால் யாரோ ஒருவர் விட்டது என்று கொள்ளலாம். அதே இடத்தில், முக்கியமாக ஆற்றுவாழை ஒதுங்கிய கரையில், அடுத்த சில நாட்கள் சிறுகண் வலையோ அத்தாங்கோ கொண்டு செடியின் வேரை அலசிப் பாருங்கள். விரல் நக அளவுக் குஞ்சுகள் வேரிலிருந்து உதிர்ந்தால் மீன் அங்கே குடியேறிவிட்டது என்று பொருள். அன்றைக்கே தொலைபேசி எடுங்கள்.